நான்கு தந்திகளும் சில சந்தேகங்களும்: பேஸ் கிட்டார் கேள்வி–பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் “எதை வாங்கலாம்?” என்றுதான் முடிகின்றன. கடிதத்தை முழுமையாகப் படித்தால், எழுதியவரின் தொல்லை பெரும்பாலும் கருவியிலோ ஆம்பிலோ இல்லாமல், அதை வைத்திருக்கும் இடத்திலோ பிடிக்கும் விதத்திலோ இருக்கிறது. ஆகவே வாங்குவது பற்றிய கேள்விகளுக்குச் சுருக்கமாகவும், கையில் இருப்பதை வைத்து வாசிப்பது பற்றிய கேள்விகளுக்குச் சற்று விரிவாகவும் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: என் விரல்கள் குட்டையானவை. தந்தியின் அதிரும் நீளம் 34 அங்குலமாக உள்ள பேஸ் கிட்டாரில் முதல் நான்கு ஃப்ரெட்டுகளை (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கோடுகளை) பிடித்து வாசித்தால் சிறிது நேரத்திலேயே மணிக்கட்டு வலிக்கிறது. 30 அங்குலக் கருவிக்கு மாறலாமா? அது சிறுவர்களுக்கான கருவி என்று நண்பர்கள் கேலி செய்கிறார்கள்.

பதில்: முதலில் கேலிக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். பால் மெக்கார்ட்னி வாசித்த வயலின் வடிவ ஹோஃப்னரும், க்ரீம் குழுவில் ஜாக் புரூஸ் வாசித்த கிப்சன் ஈபி-3யும் 30 அங்குலத்தை ஒட்டிய அளவுள்ளவைதாம். அவர்கள் இருவரையும் யாரும் சிறுவர்கள் என்று சொன்னதில்லை.

இனி கணக்கைப் பார்ப்போம். 34 அங்குலக் கருவியில் முதல் ஃப்ரெட்டுக்கும் நான்காவது ஃப்ரெட்டுக்கும் இடையே ஏறத்தாழ 130 மில்லிமீட்டர் தொலைவு இருக்கிறது. 30 அங்குலக் கருவியில் அது 114 மில்லிமீட்டராகக் குறைகிறது. பதினாறு மில்லிமீட்டர் என்பது சிறிய கைக்குப் பெரிய நிம்மதிதான். ஆனால் அதற்கு ஒரு விலையும் உண்டு. அதே சுருதியைக் குட்டையான தந்தியில் கொண்டுவர இழுவிசையைக் குறைத்தாக வேண்டும் என்பதால், எல்லாவற்றிலும் தாழ்ந்த சுருதியுள்ள ஈ தந்தி சற்றுத் தளர்ந்து, அதன் ஒலி உருண்டையாகவும் விளிம்பு மழுங்கியும் கேட்கும். சிலருக்கு அந்த ஒலிதான் பிடிக்கிறது.

மாறுவதற்கு முன் ஒன்றைச் செய்து பாருங்கள். ஃப்ரெட்டுக்கு ஒரு விரல் என்ற முறையை முதல் ஐந்து ஃப்ரெட்டுகளில் விட்டுவிட்டு, டபுள் பேஸ் வாசிப்பவர்களைப் போல ஆள்காட்டி விரல், நடுவிரல், பிறகு மோதிர விரலும் சுண்டு விரலும் சேர்ந்து ஒன்று என்று மூன்று ஃப்ரெட்டுகளை மட்டும் கையின் எல்லையாக வைத்துக்கொள்ளுங்கள். நான்காவது ஃப்ரெட் வேண்டும்போது விரலை விரிக்காமல் கையையே நகர்த்துங்கள். கட்டைவிரல் கழுத்தின் பின்புறத்தை இறுக்கிப் பிடிக்காமல் வெறுமனே சாய்ந்திருந்தால் போதும். இரண்டு வாரத்திலும் வலி குறையவில்லையென்றால், கேலியைப் பொருட்படுத்தாமல் 30 அங்குலத்துக்கு மாறிவிடுங்கள். வலியோடு வாசிப்பதில் பெருமை எதுவும் இல்லை.

கேள்வி: எங்கள் குழுவில் இரண்டு கிட்டார், ஒரு கீபோர்டு, டிரம்ஸ் இருக்கின்றன. என்னிடம் 100 வாட் ஆம்ப் இருக்கிறது. வீட்டில் அருமையாக ஒலிக்கும் அதே ஆம்ப், மேடையில் எனக்கே கேட்பதில்லை. ஆனால் அரங்கின் பின்வரிசையில் இருப்பவர்கள் “பேஸ் அதிகமாக இருக்கிறது” என்கிறார்கள். 200 வாட் ஆம்ப் வாங்கினால் சரியாகுமா?

பதில்: ஆகாது. இந்தக் கேள்வி ஏதேனும் ஒரு வடிவில் எல்லா இதழுக்கும் வருகிறது, ஆகவே இம்முறை முழுமையாக எழுதிவிடுகிறேன்.

100 வாட்டிலிருந்து 200 வாட்டுக்குப் போனால் ஒலியளவு 3 டெசிபல்தான் கூடும். அதைக் காது “கொஞ்சம் கூடியிருக்கிறது” என்று மட்டுமே உணரும். கேட்பவருக்கு இருமடங்காகத் தோன்ற ஏறத்தாழ 10 டெசிபல், அதாவது பத்து மடங்கு வாட், தேவைப்படும். பின்வரிசைக்காரர்கள் ஏற்கெனவே அதிகம் என்கிறார்கள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். ஒலி போதிய அளவு உண்டாகிறது. நீங்கள் நிற்கும் இடத்தில்தான் அது கேட்கவில்லை.

இதற்கு மூன்று காரணங்கள் உண்டு. முதலாவது சுவர். திறந்த ஈ தந்தியின் அதிர்வு 41 ஹெர்ட்ஸ். அதன் அலைநீளம் எட்டு மீட்டருக்கு மேல். ஆம்பின் முன்னால் நேராக வரும் அலையோடு, பின்சுவரில் பட்டுத் திரும்பும் அலையும் வந்து சேர்கிறது. ஆம்புக்கும் சுவருக்கும் உள்ள தொலைவு அலைநீளத்தில் கால் பங்காக இருந்தால், திரும்பி வரும் அலை எதிர்க்கட்டத்தில் வந்து நேர் அலையைத் தின்றுவிடும். ஈ தந்திக்கு அந்தத் தொலைவு ஏறத்தாழ 2 மீட்டர். 55 ஹெர்ட்ஸ் உள்ள ஏ தந்திக்கு ஒன்றரை மீட்டரைச் சற்றுத் தாண்டும். 98 ஹெர்ட்ஸ் உள்ள ஜி தந்திக்கு 90 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. மேடையில் ஆம்பை வழக்கமாக எங்கே வைக்கிறோம்? பின்சுவரிலிருந்து ஒன்று முதல் இரண்டு மீட்டர் முன்னால்! ஏதாவது ஒரு தந்தியின் அடி ஸ்வரத்தை விழுங்குவதற்கென்றே தேர்ந்தெடுத்த இடம் போல அது அமைந்துவிடுகிறது. ஸ்பீக்கர் பெட்டியை, அதாவது கேபினட்டை, சுவரை ஒட்டித் தள்ளி, அதன் முகப்பு சுவரிலிருந்து அரை மீட்டருக்குள் இருக்குமாறு வைத்தால், ஒலி இப்படி விழுங்கப்படும் பள்ளம் 170 ஹெர்ட்ஸுக்கு மேலே போய்விடும். அடி ஸ்வரங்கள் ஒரே சீராகக் கேட்கும்.

இரண்டாவது, உங்கள் காது முழங்காலில் இல்லை. அடி அதிர்வுகள் எல்லாத் திசையிலும் பரவும். விரல் தந்தியைத் தொடும் சத்தம், ஸ்வரம் தொடங்கும் விளிம்பு ஆகியவற்றைச் சுமக்கும் மேல் அதிர்வுகளோ ஸ்பீக்கர் பார்க்கும் திசையில் நேராகப் போகும். தரையில் இருக்கும் சிறிய ஆம்ப் அவற்றையெல்லாம் உங்கள் கெண்டைக்காலுக்கு அனுப்பிவிடுகிறது. ஆம்பைச் சாய்த்தோ, நாற்காலியின் மீது தூக்கியோ வைத்து, ஸ்பீக்கர் உங்கள் முகத்தைப் பார்க்குமாறு செய்யுங்கள். தரையை விட்டு எழுந்ததால் அடி கொஞ்சம் மெலியும். முழக்கம் மிகுந்த மரமேடையில் அது நன்மைதான்.

மூன்றாவது காரணம்தான் பெரும்பாலோர் ஒப்புக்கொள்ள மறுப்பது: வீட்டில் நீங்கள் ரசித்துத் திருப்பி வைத்த குமிழ்கள். தனியாக வாசிக்கும்போது பேஸையும் ட்ரெபிளையும் ஏற்றி, மிட்டை இறக்கி வைத்தால் ஒலி மெத்தை போலவும் கண்ணாடி போலவும் ஒருசேரக் கேட்கும். குழுவோடு சேர்ந்தவுடன் அந்த அடி கிக் டிரம்மோடும் கீபோர்டு வாசிப்பவரின் இடக்கையோடும் கலந்துவிடுகிறது. அந்த உச்சியைச் சிம்பல்கள் எடுத்துக்கொள்கின்றன. எஞ்சியிருந்த நடுப்பகுதியை நீங்களே குறைத்து வைத்திருக்கிறீர்கள். பேஸ் குமிழைச் சமநிலைக்குச் சற்றுக் கீழே இறக்கி, 250 முதல் 800 ஹெர்ட்ஸ் வரையுள்ள நடுப்பகுதியை ஏற்றுங்கள். தனியாகக் கேட்டால் மூக்கால் பாடுவது போல அசிங்கமாகத்தான் இருக்கும். டிரம்ஸ் தொடங்கியதும் பாருங்கள். கீபோர்டு வாசிப்பவரிடம் இடக்கையைக் கொஞ்சம் ஓய்வாக வைக்கச் சொல்லுங்கள் என்பதையும் சேர்த்துக்கொள்கிறேன். அந்தப் பேச்சுவார்த்தை மட்டும் உங்கள் சாமர்த்தியம்.

இவ்வளவுக்குப் பிறகும் போதவில்லையென்றால், வாட்டைக் கூட்டாமல் இரண்டாவது கேபினட் ஒன்றைச் சேர்த்து ஒன்றன்மேல் ஒன்றாகச் செங்குத்தாக அடுக்குங்கள். அடி அதிர்வுகளில் 6 டெசிபல் வரை கூடக்கூடும். மேலேயிருக்கும் ஸ்பீக்கரும் காதுக்கு அருகே வந்துவிடும்.

கேள்வி: மேற்கண்டது போல இரண்டாவது கேபினட் சேர்ப்பது பற்றித்தான் நானும் கேட்க நினைத்தேன். என் ஆம்பின் பின்னால் “குறைந்தபட்சம் 4 ஓம்” என்று எழுதியிருக்கிறது. என்னிடம் 8 ஓம் கேபினட்டுகள் மூன்று இருக்கின்றன.

(இவரும் மேலே எழுதியவரும் ஒரே குழுவினர் என்று நினைக்கிறேன்.)

பதில்: இரண்டை மட்டும் இணையுங்கள். 8 ஓம் இரண்டு இணையாகச் சேர்ந்தால் 4 ஓம். மூன்றாவதையும் சேர்த்தால் 2.7 ஓமுக்கு இறங்கி, ஆம்ப் சூடேறித் தன்னை நிறுத்திக்கொள்ளும், அல்லது நிறுத்திக்கொள்ளாமல் கருகும். இணைப்புக்கு ஸ்பீக்கர் கேபிளையே பயன்படுத்துங்கள். கிட்டாருக்கும் ஆம்புக்கும் இடையே போடும் மெல்லிய கேபிள் அந்த மின்னோட்டத்தைத் தாங்காது. உங்களுடையது வால்வு ஆம்பாக இருந்தால், ஸ்பீக்கரை இணைக்காமல் ஒருபோதும் ஆன் செய்யாதீர்கள். அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் பாழாகிவிடும்.

கேள்வி: தந்திகளை எத்தனை மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்? ஃப்ளாட்வவுண்ட் (தட்டைக் கம்பி சுற்றியது) நல்லதா, ரவுண்ட்வவுண்ட் (உருண்டைக் கம்பி சுற்றியது) நல்லதா?

பதில்: மோட்டவுன் நிறுவனத்தின் எண்ணற்ற பாடல்களில் ஒலிக்கும் ஜேம்ஸ் ஜேமர்சன், தம் 1962-ஆம் ஆண்டு பிரிசிஷன் பேஸில் கனமான ஃப்ளாட்வவுண்ட் தந்திகளைப் போட்டு, அவை அறுந்தாலொழிய மாற்றாமல், வலக்கையின் ஆள்காட்டி விரல் ஒன்றினாலேயே வாசித்தவர். மறுபுறம், தி ஹூ குழுவின் ஜான் என்ட்விசில் பியானோவின் அடித்தந்தி போன்ற பளீர் ஒலியைத் தேடி, 1966-இல் ரோட்டோசவுண்ட் நிறுவனத்தாரோடு சேர்ந்து ரவுண்ட்வவுண்ட் தந்திகளைச் செம்மைப்படுத்தினார். அப்படிப்பட்டவருக்குத் தந்தி பழசானால் பொறுக்காது. ஆக, மாதக் கணக்கு என்று ஒன்று இல்லை. ரவுண்ட்வவுண்டின் சுருள்களுக்கிடையே வியர்வையும் தோல் துகள்களும் சேர்ந்து முதலில் மினுமினுப்பு மங்கும், பிறகு சுருதியே நிலையாக நிற்காது. பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் பிடித்த ஸ்வரம் அதே இடத்தில் தந்தியை அழுத்தாமல் தொட்டு மட்டும் எழுப்பும் ஹார்மானிக்கோடு எவ்வளவு திருத்தினாலும் ஒத்துப்போகவில்லையென்றால், அந்தத் தந்தியின் காலம் முடிந்துவிட்டது. வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் தந்தியின் அடிப்புறத்தையும் சேர்த்துத் துடைப்பவருக்கு அந்த நாள் வெகுவாகத் தள்ளிப்போகும்.

ஃப்ளாட்வவுண்டுக்கு மாறுவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அவற்றில் பலவற்றின் இழுவிசை அதிகம் என்பதால் கழுத்து முன்னோக்கி வளையும்; பிறகு, கழுத்தின் உள்ளே ஓடி அதன் வளைவைச் சரிசெய்யும் உலோகக் கம்பியான ட்ரஸ் ராடைத் தொட வேண்டிவரும்.

கேள்வி: ட்ரஸ் ராடைத் தொடவே எனக்குப் பயமாக இருக்கிறது. ஆனால் தந்தி ஃப்ரெட்டில் பட்டு நரநரவென்று ஒலிக்கிறது. என்ன செய்வது?

பதில்: அந்த நரநரப்பு ஆம்ப் வழியாகக் கேட்கிறதா என்று முதலில் பாருங்கள். கேட்கவில்லையென்றால் விட்டுவிடலாம், கருவியைக் காதோடு வைத்துக் கேட்பவர் நீங்கள் ஒருவர்தான்.

கேட்கிறது என்றால், எங்கே கேட்கிறது என்பதே நோயைச் சொல்லிவிடும். முதல் ஐந்து ஃப்ரெட்டுகளில் மட்டும் என்றால் கழுத்து அளவுக்கு மேல் நேராக நிமிர்ந்திருக்கிறது. பன்னிரண்டுக்கு மேல் மட்டும் என்றால், தந்திகள் உடலில் முடியும் பிரிட்ஜில் அவற்றைத் தாங்கும் சேடில்கள் தாழ்ந்திருக்கின்றன. ஒரே ஒரு ஃப்ரெட்டில் மட்டும் என்றால் அதற்கு அடுத்த ஃப்ரெட் மேலெழுந்திருக்கிறது. அதைப் பழுது பார்ப்பவரிடம் விட்டுவிடுங்கள்.

கழுத்தின் வளைவை அளக்க, ஈ தந்தியை முதல் ஃப்ரெட்டிலும் கழுத்து உடலோடு சேரும் இடத்து ஃப்ரெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, நடுவே ஏழாவது அல்லது எட்டாவது ஃப்ரெட்டுக்கும் தந்திக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். முகவரி அட்டை ஒன்று நுழையும் அளவு, அதாவது 0.3 முதல் 0.4 மில்லிமீட்டர் வரை, இருந்தால் போதும். ட்ரஸ் ராடின் நட்டைக் கடிகாரத் திசையில் திருப்பினால் கழுத்து நிமிரும், எதிர்த்திசையில் திருப்பினால் வளையும். ஒரு முறைக்குக் கால் சுற்றுக்கு மேல் கூடாது. திருப்பியபின் மீண்டும் சுருதி சேர்த்து, மரம் நிலைப்பட ஒரு இரவு விட்டுவிட்டு மறுநாள் பாருங்கள். திருகு இறுகிக்கொண்டு வர மறுத்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். காற்றின் ஈரப்பதம் மாறும் பருவத்தில் கழுத்தும் தானாக அசையும் என்பதால், இது ஆண்டுக்கு இரண்டு முறையாவது செய்ய வேண்டிய வேலை. ஆகவே பயத்தை இப்போதே போக்கிக்கொள்வது நல்லது.

கேள்வி: சென்ற இதழில், பேஸ் கிட்டாரின் ஒலியை உடலின் மரத்தைவிட, தந்தியின் அசைவை மின்சைகையாக்கும் பிக்கப் இருக்கும் இடமே அதிகம் தீர்மானிக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். என்னிடம் இரண்டு ஜாஸ் பேஸ்கள் உள்ளன; 1960-களின் வடிவில் செய்யப்பட்டது ஆல்டர் மரம், 1970-களின் வடிவில் செய்யப்பட்டது ஆஷ் மரம். இரண்டின் ஒலியும் தெளிவாக வேறுபடுகிறது. நீங்கள் சொன்னது தவறு.

பதில்: வேறுபடுகிறது என்பதை மறுக்கவில்லை. ஆனால் உங்கள் சாட்சி என் கட்சிக்குத்தான் வலுச் சேர்க்கிறது. 1970-களின் தொடக்கத்தில் ஃபெண்டர் நிறுவனம் ஜாஸ் பேஸின் பின்பக்கப் பிக்கப்பைப் பிரிட்ஜை நோக்கிச் சிறிது நகர்த்தியது. அந்த வடிவத்தைப் பின்பற்றிச் செய்யப்படும் பல கருவிகளிலும் அந்த நகர்வு இருக்கிறது. பிக்கப் தனக்கு நேர் மேலே உள்ள தந்தித் துண்டின் அசைவை மட்டுமே அறியும். பிரிட்ஜை நெருங்க நெருங்க அடிப்படை அதிர்வின் வீச்சு குறைந்து மேல் அதிர்வுகள் ஓங்கும். எந்த மேல் அதிர்வின் அசையாப் புள்ளி பிக்கப்புக்கு நேராக விழுகிறதோ, அது கேட்காமலே போகும். ஒரு அளவுகோலை எடுத்து, பன்னிரண்டாவது ஃப்ரெட்டிலிருந்து பின்பக்கப் பிக்கப்பின் நடுப்பகுதி வரை இரண்டு கருவிகளிலும் அளந்து எழுதுங்கள். பிறகு இரண்டிலும் ஒரே வகைப் புதுத் தந்திகளைப் போட்டு, பிக்கப்பின் உயரத்தைச் சமமாக்கி, நண்பர் ஒருவரைத் திரைக்குப் பின்னால் வாசிக்கச் சொல்லி, முன்பக்கப் பிக்கப்பை மட்டும் வைத்துக் கேளுங்கள். இதே சோதனையில் நான் நிச்சயமாகக் கண்டுபிடித்துவிடுவேன் என்று சொல்லித் தோற்றவன்.

மரத்துக்கு எந்தப் பங்கும் இல்லை என்றும் நான் சொல்லவில்லை. தோளில் எவ்வளவு கனக்கிறது என்பதை மரமே முடிவு செய்கிறது. அடுத்த கேள்வியிலும் மரத்துக்கு வேலை இருக்கிறது, ஆனால் அது கழுத்தின் மரம்.

கேள்வி: என் புதிய கருவியில் ஜி தந்தியின் ஆறாவது ஃப்ரெட்டில் வாசித்தால் மட்டும் ஸ்வரம் சட்டென்று செத்துவிடுகிறது. குறைபாடுள்ள கருவியை ஏமாற்றி விற்றுவிட்டார்களா?

பதில்: இல்லை. நீண்ட கழுத்துள்ள பேஸ் கிட்டார்களில், குறிப்பாக ஜி தந்தியின் ஐந்து முதல் ஏழு வரையுள்ள ஃப்ரெட்டுகளில், இது மிகப் பரவலாகக் காணப்படும் இயல்பு. கழுத்துக்கும் அதற்கே உரிய ஓர் அதிர்வு உண்டு. தந்தியின் ஸ்வரம் அதோடு ஒத்துப்போனால், தந்தி தன் ஆற்றலைக் கழுத்துக்குக் கொடுத்துவிட்டு ஓய்ந்துவிடும். அந்த ஸ்வரத்தை வாசித்துக்கொண்டே தலைப்பகுதியில் கனமான ஒரு கிளாம்பைப் பூட்டிப் பாருங்கள். செத்த இடம் வேறு ஃப்ரெட்டுக்கோ, இரண்டு ஃப்ரெட்டுகளுக்கு நடுவிலோ நகர்ந்துபோகும். அதற்கும் மனமில்லையென்றால், நீட்டிக்க வேண்டிய இடத்தில் அதே ஸ்வரத்தை டி தந்தியின் பதினோராவது ஃப்ரெட்டில் எடுங்கள். அனுபவமுள்ளவர்கள் பலர் தம்மையறியாமலே அப்படித்தான் செய்கிறார்கள்.

கேள்வி: பிக் (தந்தியை மீட்டும் சிறு தகடு) வைத்து வாசிப்பது இழுக்கா?

பதில்: இழுக்கு என்று சொல்பவரிடம், ஆயிரக்கணக்கான ஒலிப்பதிவுகளில் பிக் கொண்டே வாசித்த கரோல் கேயைக் கேட்டுவிட்டு வரச் சொல்லுங்கள்.

கேள்வி: எங்கள் பாடல்கள் பெரும்பாலானவற்றில் அடி ஸ்வரத்தை மட்டும் திரும்பத் திரும்ப வாசிக்கிறேன். சலிப்பாக இருக்கிறது, ஆனால் புதிதாக எதையாவது சேர்த்தால் பாட்டு குலைந்துவிடுகிறது என்று பாடகர் கோபிக்கிறார்.

பதில்: பாடகரின் கோபத்தில் நியாயம் இருக்கலாம், உங்கள் சலிப்பிலும் நியாயம் இருக்கிறது. எந்த ஸ்வரம் என்பதை மாற்றாமல், அது எங்கே முடிகிறது என்பதை மாற்றிப் பாருங்கள். எனக்கு இது புரிந்தது ஓர் ஒத்திகையின் ஒலிப்பதிவைக் கேட்டபோதுதான். நான் சரியான இடத்தில் தொடங்கிய ஸ்வரங்கள் எல்லாம் ஸ்னேர் டிரம்மின் அடி விழும் இடத்தைத் தாண்டி வழிந்துகொண்டிருந்ததால், டிரம்ஸ் வாசித்தவர் பின்தங்குவது போலக் கேட்டது. அவரிடம் பல வாரங்களாக அதற்காகச் சண்டையும் போட்டிருந்தேன். அடுத்த வாரம் ஒவ்வொரு ஸ்வரத்தையும் ஸ்னேர் விழும் கணத்தில் இடக்கை விரலைத் தளர்த்தி நிறுத்தினேன். ஒரு ஸ்வரம்கூட மாறவில்லை, பாட்டு நிமிர்ந்து உட்கார்ந்தது. பல்லவியில் குறுக்கியும் சரணத்தில் நீட்டியும் வாசித்துப் பாருங்கள். பாடகருக்கு என்ன மாறியது என்றே தெரியாது. டிரம்ஸ் வாசிப்பவருக்குத் தெரியும்.

கேள்வி: பேஸ் ஒலி காதைக் கெடுக்காது என்கிறார்கள். ஆனால் ஒத்திகை முடிந்த இரவுகளில் காதில் ரீங்காரம் கேட்கிறது.

பதில்: உங்கள் காதை அதிகம் தாக்குவது உங்கள் பேஸ் அல்ல, உங்கள் பக்கத்திலேயே இருக்கும் சிம்பல். 85 டெசிபல் ஒலியை நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் தாங்கலாம் என்பது தொழில்துறையில் பின்பற்றப்படும் ஓர் அளவு. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். 100 டெசிபலில் பதினைந்து நிமிடம்தான், அதாவது மூன்று அல்லது நான்கு பாடல்கள். ரீங்காரம் என்பது எச்சரிக்கை. அது நீடித்தால் காது மருத்துவரிடம் செல்லுங்கள். எல்லா அதிர்வுகளையும் ஏறத்தாழ ஒரே அளவில் குறைக்கும் இசைக்கலைஞர்களுக்கான காதடைப்பான்களை இன்றே வாங்குங்கள். இந்த இதழில் நான் தயங்காமல் “வாங்குங்கள்” என்று சொல்வது இது ஒன்றைத்தான்.

கேள்வி: என் ஆக்டிவ் பேஸில் (உள்ளேயே பேட்டரியில் இயங்கும் மின்சுற்று உள்ளது) 9 வோல்ட் பேட்டரி இரண்டே வாரத்தில் தீர்ந்துவிடுகிறது. உள்ளே ஏதாவது ஷார்ட் ஆகிறதா?

பதில்: வாசித்து முடித்ததும் கேபிளைக் கழற்றுகிறீர்களா? பெரும்பாலான ஆக்டிவ் கருவிகளில் கேபிள் செருகும் ஜாக்தான் பேட்டரிக்கு ஸ்விட்ச். கேபிள் செருகியிருக்கும் வரை, ஆம்ப் அணைந்திருந்தாலும், பேட்டரி இரவு பகலாக ஓடிக்கொண்டே இருக்கும். கழற்றி வைத்தால் அதே பேட்டரி நூற்றுக்கணக்கான மணி நேரத்துக்கு வரும். தீரப்போகும்போது முதலில் பலமாக மீட்டும் ஸ்வரங்கள் மட்டும் கரகரக்கும்; அதைக் கேட்டதும் மாற்றிவிடுங்கள். நான் அந்தக் கரகரப்பை ஆம்பின் கோளாறு என்று நினைத்து ஒரு மாலை முழுவதும் அலட்சியம் செய்து, மறுநாள் மேடையில் இரண்டாவது பாடலின் நடுவே ஓசையின்றி நின்றேன். பையில் புதுப் பேட்டரி இருந்தது. அதை மாட்ட வேண்டிய பின்பக்க மூடியில் நான்கு திருகுகள் இருந்தன. ஸ்க்ரூடிரைவர் யாரிடமும் இல்லை.